பத்தாவது ஆள்

என் செல்ல அப்பாவுக்கு,

தாமல் ஏரி இந்தப் புரட்டாசியில் பாதிதான் நிரம்பியிருக்கிறது. நேற்று உன் கல்லறைக்கு ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தேனே, எதற்கென்று நினைத்தாய்?

இஸ்ரேலில் நான் ஆறு வருஷம் பார்த்துக்கொண்ட மிரியம் அம்மாவைப் பற்றி உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறேன். தொண்ணூறு வயது. ஒரே கதையை ஒரு நாளில் இருபது தடவை சொல்வார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் "அப்புறம்?" என்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

யூதர்களுக்கு இந்த மாதத்தில்தான் பாவநிவிர்த்தி நாள் வரும். முழு உபவாசம். மனுஷருக்குச் செய்த தப்பைக் கடவுள் நேராக மன்னிக்க மாட்டார், முதலில் அந்த மனுஷரிடமே போய்க் கேட்க வேண்டும் என்பார்கள். ஒரு வருஷம் அதற்கு முதல் நாள், குளிப்பாட்டும்போது என்னைத் திட்டியதற்கெல்லாம் மிரியம் அம்மா என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஜெப ஆலயத்தில், 'வயதான காலத்தில் எங்களைத் தள்ளிவிடாதே' என்று எல்லாரும் வேண்டியபோது குலுங்கிக் குலுங்கி அழுதார். தள்ளிவிடுவது கடவுளா, பிள்ளைகளா? அவருடைய சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு உன் ஞாபகம் வரவில்லையே அப்பா.

மன்னிப்புக் கேட்பதற்குள் அந்த ஆள் செத்துவிட்டால் என்ன செய்வது என்று மிரியம் அம்மாவிடம் சும்மாதான் கேட்டேன். பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய், செய்த தப்பை அவர்கள் காதுபடச் சொல்ல வேண்டும் என்றார். அன்றைக்கு நீ உயிரோடுதான் இருந்தாய். ஒரு போன் போதுமாக இருந்திருக்கும்.

உனக்கு மறதி வந்த பிறகு, "எப்பம்மா வர்றே?" என்று திரும்பத் திரும்பக் கேட்பாய். ஒருநாள் கத்திவிட்டேன். "சும்மா சும்மா அதையே கேக்காதப்பா! உனுக்கு வேற பேச்சே கெடையாதா?" அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. நான் கூப்பிட்டால், "நீயே பேசுடா, நான் கேட்டா பாப்பா கோச்சிக்கும்" என்று தம்பியிடம் போனை நீட்டிவிடுவாயாம். சாப்பிட்டதை மறந்தாய், நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய ரோட்டை மறந்தாய். இதை மட்டும் ஏன் மறக்கவில்லை?

நேற்று அதைத்தான் சொல்லி அழுதேன். எதிர்வீட்டு அண்ணன்கூடத் தறியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார். தம்பிதான் வரவில்லை. "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமாக்கா? தெனம் அவரு கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு இருந்தவன் நானு" என்றான். அவன் கோபம் நியாயம்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க நான் கல்லறை வரை காத்திருக்க மாட்டேன்.

பத்துக்கு ஒன்று குறைந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர் யாரோ, அவர்தான் பத்தாவது ஆள்.

அம்மாவுக்கும் இப்போது மறதி ஆரம்பித்திருக்கிறது. இன்று காலையில் நாலு தடவை "டீ குடிச்சியாமா?" என்று கேட்டாள். நாலு தடவையும் "குடிச்சிட்டேம்மா, நீ?" என்றேன். ஐந்தாவது தடவையும் அப்படியே சொல்வேன் அப்பா, சத்தியம்.

நீ கேட்காமல் விட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வந்துட்டேம்பா.

உன் மகள்,
பாப்பா