கலப்பைக்கும் டிராக்டருக்கும் நடுவில்

செங்கம்மா,

நீ தூங்குறே, எழுப்ப மனசு வரலை. கலப்பை கழண்டுடாம டிராக்டர்ல செருகுற சின்ன பின் ஒண்ணு தொலைஞ்சுபோச்சு. புதுசு வாங்க பஸ் பிடிச்சு நஜஃப்கர் கடைத்தெருவுக்குப் போறேன். சோறும் முட்டைக் குழம்பும் ஆக்கி வச்சிருக்கேன். ராத்திரி மாதிரி கோவிச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்காதே.

பக்கத்துத் தோட்டத்து தரம்வீர் அண்ணன் கலப்பையைக் கேட்டு வருவார். கொட்டகைச் சாவி உப்பு ஜாடிக்குப் பின்னால. செருகுற பின்னை அவரே கொண்டு வருவார். நீ மாட்டிவிடப் போவேன்னு தெரியும். அவர் வண்டியைப் பின்னால எடுத்து, இஞ்சினை நிறுத்தின பிறகுதான் கிட்டப் போகணும். முதல்ல டிராக்டரோட இடது தூக்குக் கையை மாட்டு, அப்புறம் வலது கை, மேல் கம்பி கடைசியில.

நேத்து நான் டிராக்டரைப் பின்னால எடுக்கும்போது நீ நடுவுல வந்து நின்னே. கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிச்சு நிறுத்தினேன். பயந்துட்டேன்னு சொல்லத் தெரியாம, எல்லார் முன்னாடியும் "அறிவிருக்கா?"ன்னு கத்திட்டேன்.

ஏகாம்பரம்

இன்னொண்ணு. நேத்து சாயங்காலம் கலப்பையைக் கழட்டும்போதுதான் பார்த்தேன், தொலைஞ்ச பின் இருந்த ஓட்டையில உன் கொண்டை ஊசி. அவ்வளவு கோவத்துலயும் செருகி விட்டிருக்கே. வளைஞ்சிருக்கே தவிர, வயல் உழுது முடியிற வரைக்கும் கலப்பையைக் கழண்டுபோக விடலை. உனக்குப் புதுசு வாங்கிட்டு வர்றேன். இது என் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.