முக்கோண எண்ணும் முந்திப் போட்ட டிக்கெட்டும்

பெரியவளுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உங்கப்பாவும் சுகம். நீயும் வயித்துல இருக்கறதும் சுகமா இருக்கணும், இருப்பீங்கன்னு நம்பித்தான் உன்னைத் திட்டறதுக்குன்னே இதை எழுத உக்காந்திருக்கேன். போன்ல பேசினா நடுவுல புகுந்து என் வாயை அடைச்சிடுவ, கடிதத்துல அது நடக்காது பாரு.

அன்னைக்கு, பத்தாவது பரீட்சைக்குப் படிக்கப் போற சாயங்கால வகுப்புல ஒரு கணக்கு பிடிபடலைன்னு உனக்குப் போன் பண்ணினேன். ஒண்ணு, மூணு, ஆறு, பத்துன்னு போகுதே, அதுக்கு ஏன் முக்கோண எண்ணுன்னு பேரு, ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் கூட்ட ஏன் இருபதை இருபத்தொண்ணால பெருக்கிப் பாதியாக்கணும், அந்தப் பாதி எங்கேர்ந்து வந்துதுன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நீ என்ன சொன்ன, சூத்திரத்தை மனப்பாடம் பண்ணும்மா, இந்த வயசுல புரிஞ்சு என்ன பண்ணப்போறன்னு சொன்ன. பக்கத்துல உன் வீட்டுக்காரர் சிரிச்சது இங்க வரைக்கும் கேட்டுது. அவரைச் சொல்லி என்ன, நீ சிரிக்க வெச்ச, அவர் சிரிச்சார்.

வந்த ஆத்திரத்துல பொத்தான் டப்பாவை மேஜைமேல கவிழ்த்தேன். வெள்ளைப் பொத்தானை மேல ஒண்ணு, கீழ ரெண்டு, அப்புறம் மூணு, நாலுன்னு இடப்பக்கமா ஒட்டி அடுக்கினேன், படிக்கட்டு மாதிரி முக்கோணம் வந்துது, மொத்தம் பத்து. அதே முக்கோணத்தைக் கறுப்புப் பொத்தான்ல தலைகீழா வலப்பக்கம் பொருத்தினேன். ஒண்ணுக்குப் பக்கத்துல நாலு, ரெண்டுக்குப் பக்கத்துல மூணு, எந்த வரிசையை எண்ணினாலும் அஞ்சு. நாலு வரிசை, இருபது பொத்தான், அதுல வெள்ளை பாதி. அடியம்மா, அதுதான் அந்தப் பாதி! இருபது வரைக்கும் கூட்டினா இருநூத்துப் பத்துன்னு கண்ணை மூடிகிட்டே சொன்னேன். அதோட கை நிக்கலை. மூணையும் ஆறையும் சேர்த்தா ஒன்பது, ஆறையும் பத்தையும் சேர்த்தா பதினாறு, அடுத்தடுத்த முக்கோணம் ரெண்டும் சேர்ந்து சதுரமா உக்காருது. உங்கப்பா சாப்பாடு எங்கன்னு கேட்டார், அடுப்புல இருக்கு, போட்டுக்கோங்கன்னுட்டேன்.

வெட்கங்கெட்டுப் போய் அந்தச் சந்தோஷத்தையும் உன்கிட்டதான் முதல்ல சொல்ல வந்தேன். பொத்தான்னு வாயெடுக்கறதுக்குள்ள, அதை விடும்மா, பிரசவத்துக்கு இங்க வர உனக்கு டிக்கெட் போட்டாச்சு, அடுத்த மாசமே கிளம்புன்னு சொல்லி வெச்சிட்ட. எனக்குப் பரீட்சை அதுக்கடுத்த மாசம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டிருக்க. மறுநாள் வகுப்புக்குப் போனா டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்து, நீங்க படிப்பை விட்டு நின்னுட்டதா உங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிட்டுப் போனாரேங்கறாங்க. அத்தனை பேர் முன்னால எனக்கு முகம் செத்துப்போச்சு. வீட்டுக்கு வந்து கேட்டா, பெரியவதான் சொல்லச் சொன்னான்னு உங்கப்பா சுவரைப் பார்த்துகிட்டு சொல்றார். அப்பாவும் மகளுமா சேர்ந்து என் பேரை அடிச்சிட்டு வந்திருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம. நான் என்ன உங்க வீட்டுப் பெட்டியா, தூக்கி வண்டியில ஏத்த? அன்னைக்கே பேரைத் திரும்ப எழுதிட்டேன். உங்கப்பாவோட நாலு நாள் பேசலை. இப்ப அவரே சமைக்கிறார், வாயில வைக்க முடியலை, அதையும் தின்னுட்டுப் படிக்கிறேன்.

கல்யாணமான புதுசுல இதே பரீட்சைக்கு ஒரு தடவை பேர் கொடுத்திருந்தேன். நீ வயித்துல இருந்த, நிக்க முடியாத மயக்கம், போகலை. இதை உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லை. உன்னைக் குறை சொல்லலை, உன்னைப் பெத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா ரெண்டாவது தடவையும் உனக்காக விட்டேன்னு ஆச்சுன்னா, உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அது என் மூஞ்சியில தெரியும். அந்த மூஞ்சியோட உன் பிள்ளையைத் தூக்க நான் வரமாட்டேன்.

கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே கிளம்பறேன். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடி வந்து சேர்ந்தாலும் சேருவேன், இல்லேன்னா பிள்ளை எனக்கு முன்னாடி வந்துடும். இந்த வரியை ரெண்டு தடவை அடிச்சிட்டுத் திரும்ப எழுதியிருக்கேன். சிரிக்கத் தெரிஞ்ச உன் வீட்டுக்காரருக்கு ரசம் வைக்கவும் தெரியட்டும். ரத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையை மறக்காம போடு, படியில ஓடாதே. ஒரு குறையும் இல்லாம சுகமா பெத்து எழுந்திரு, நூறு வருஷம் நல்லா இரு. டிக்கெட்டை மாத்து. மாத்தலைன்னா அந்த சீட்டு காலியாத்தான் வரும்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா