சும்மா வாங்கிய மருந்து

உன் மேசையின் இழுப்பறையை இன்று காலை திறந்தேன். அடுத்த வாரம் தணிக்கைக்கு வருகிறார்கள். விஷமருந்து அலமாரியின் இரண்டு சாவிகளையும் காட்ட வேண்டும் என்று கடிதத்தில் இருக்கிறது. என் சாவி என்னிடம் இருக்கிறது. உன்னுடையது இழுப்பறையில் கிடக்கும் என்று நினைத்தேன். இல்லை. நல்லமிளகின் காரமும் பழைய கருப்பட்டியின் இனிப்பும் கலந்த வாசம் மட்டும் எழுந்து வந்தது. மூலையில் ஒரு பிடி மிளகு, கிழிந்த துணியில் முடிந்து கிடந்தது. யார் வைத்ததோ, எந்தக் காய்ச்சலுக்கோ. நீ இருந்தால் முடிச்சைப் பார்த்தே ஆளைச் சொல்லியிருப்பாய்.

இந்த முறை தணிக்கைக்காரர் திருவனந்தபுரத்திலிருந்து வரவில்லை. நம் தாலுகாக்கள் மதராசோடு சேர்ந்துவிட்டன. நீ போன பிறகு நடந்தது அது. கடிதத்தைப் படித்ததும் உன் குரல்தான் காதில் விழுந்தது. "திருவனந்தபுரத்துக்காரனுக்குச் சொன்னதை மதராசுக்காரனுக்கும் சொல்லுட்டி. காய்ச்சலுக்கு என்ன, ராஜ்யம் மாறிச்சா?"

மதராசில் ஒரே வகுப்பில் டாக்டருக்குப் படித்து, வெவ்வேறு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அலுத்துப்போய், குழித்துறையில் நாம் இருவரும் இந்த ஆஸ்பத்திரியைத் திறந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இருக்கவில்லை. நம்பிக்கை உன் இலாகா. கணக்கும் சுத்தமும் என்னுடையவை. மலைத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டும் பெண்கள் அப்போது கடைசி நேரத்தில்தான் வருவார்கள். வலி கண்டு இரண்டாம் நாள், கம்பில் தொட்டில் கட்டி ஆட்கள் தூக்கிவர. பிறகுதான் அந்த இன்ஷூரன்ஸ் திட்டம் வந்தது. கூலியில் சிறிது பிடித்து, அரசாங்கமும் தன் பங்கைப் போட்டு, வைத்தியச் செலவை நமக்கு நேராகத் தரும். இன்ஷூரன்ஸ் சீட்டு ஒன்று கையில் கிடைத்ததும் அந்தப் பெண்கள் முதல் வலியிலேயே, தங்கள் காலாலேயே நடந்து வர ஆரம்பித்தார்கள். பிரசவ அறையில் துக்கம் குறைந்தது. அதை நீயும் நானும் கண்ணால் பார்த்தோம்.

அதனால்தான் முதல் தணிக்கைக்கு நான் அவ்வளவு பயந்தேன். திட்டத்தில் நமக்குள்ள அங்கீகாரம் போனால் அவர்கள் மறுபடியும் தொட்டிலில்தான் வருவார்கள். சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்தேன், குப்பிகளுக்குப் புதுப் பெயர்ச்சீட்டு ஒட்டினேன், சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். விதிகளை மறுபடி படித்தபோதுதான் ஒரு வரியில் கண் நின்றது. இன்ஷூரன்ஸ் பெற்ற நோயாளியிடமிருந்து வைத்தியர் வேறு எதையும் பெறலாகாது. மீறினால் அங்கீகாரம் ரத்து.

நிமிர்ந்து உன் மேசையைப் பார்த்தேன். இரண்டு மரச்சீனிக் கிழங்கு, ஒரு சீப்பு மட்டிப்பழம், ஓலையில் பொதிந்த கருப்பட்டி.

நம் ஊரில் யாரும் மருந்தைச் சும்மா வாங்குவதில்லை. சும்மா வாங்கிய மருந்து உடம்பில் ஏற்காது என்பது அவர்கள் எண்ணம். அரசாங்கம் பணம் கட்டுகிறது என்று சொன்னால், அரசாங்கத்துக்கா காய்ச்சல் என்று கேட்பார்கள். வந்ததெல்லாம் பின்கட்டில் உள்நோயாளிகளின் கஞ்சிப் பானைக்குத்தான் போயிற்று. நீ ஒரு பழம்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆனால் விதி விதிதானே.

வாசலில் ஒரு பலகை மாட்டினேன். எதுவும் கொடுக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில். பால் வெட்டும் செல்லம்மை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நேரே உள்ளே வந்தாள். இருமல் மிக்சர் குப்பியை என் முன்னால் வைத்தாள்.

"அப்பம்னா இது எனக்கு வேண்டாம் டாக்டரம்மா."

"ஏன்? இருமல் நின்னுட்டுதா?"

"நிக்கல்ல. சும்மா குடிச்சா மட்டும் நிக்குமா? இந்தத் தண்ணிய வயித்துல சுமந்துட்டு மலை ஏறவா?"

நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். அன்று சாயங்காலமே பலகை இறங்கிற்று. அதற்குப் பின்னால் கஞ்சிப் பானையை மூடப் பலகை நன்றாக உதவியது என்பது வேறு விஷயம்.

நான் வேறு வழி சொன்னேன். கொடுப்பது கொடுக்கட்டும், தணிக்கைக்காரர் கேட்டால் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லும்படி அவர்களிடம் சொல்லிவைக்கலாம். நீ சிரிப்பை நிறுத்தினாய்.

"ஏட்டி, எங்க வலிக்கு, எப்பம் தொடங்கிச்சு, உள்ளத மறைக்காம சொல்லுன்னு தெனமும் கேக்கோம். அவ்வளவு கூச்சத்தயும் விட்டுட்டு சொல்லுகா. அதே வாயால பொய்யுஞ் சொல்லுன்னு சொல்லிக் குடுப்பியா? பெறவு அவ சொல்லுகதுல எத நம்பி நீ மருந்து எழுதுவ?"

சொல்லிவைக்கும் யோசனையை விட்டுவிட்டேன். பயம் மட்டும் அப்படியே இருந்தது.

தணிக்கைக்கு வந்தவர் ஒல்லியான மனிதர். வளைவு வளைவான ரோட்டில் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வார்த்தைக்கு வார்த்தை ஏப்பம் விட்டார். சீட்டுகள், இருப்பு, அலமாரி எதிலும் குறை காணவில்லை. எனக்கு மூச்சு சீராகிக்கொண்டிருந்தபோது, நோயாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார். வராந்தாவில் முதலில் உட்கார்ந்திருந்தது செல்லம்மை. அவளிடம் அவர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"இவிடெ காசு வல்லதும், ஏதாவது, கொடுக்கணுமோ?"

"காசா? அது ஆரு கேட்டா?"

"வேற வல்லதும்?"

"குடுக்காம பின்ன? நேத்து ரெண்டு கிழங்கு, போன மாசம் நல்லமிளகு. சும்மா வாங்குன மருந்து ஏக்குமா சாரே? நீங்களே சொல்லுங்கோ."

அவர் எழுதினார். அந்தப் பேனாவின் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. நீ அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சிப் பானையையும், கிழங்கு தின்றுகொண்டிருந்த பிள்ளை பெற்றவளையும் காட்டினாய். அவர் பார்த்தார். தலையை அசைத்தார். "சட்டத்தில் கஞ்சி இல்ல டாக்டர்" என்றார். சொல்லும்போதே ஏப்பம் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"சாரே, நாக்கைக் காட்டுங்க" என்றாய் நீ.

காட்டினார். சோடா உப்பும் ஓமத் தண்ணீரும் கலந்து நீயே கொடுத்தாய். சற்று நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏப்பம் அடங்கியது, முகம் தெளிந்தது. காகிதங்களைக் கட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்து, பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உன் மேசையில் வைத்தார். வழியில் தன் மகளுக்காக வாங்கியது என்று பிறகு சொன்னார். வைத்த கை மேசையைவிட்டு எழவில்லை. தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நீ ஏதாவது சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். நாற்காலியை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாய். அவர் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, எழுதியதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதினார். நோயாளிகள் மனமுவந்து வைக்கும் தின்பண்டங்கள் உள்நோயாளிகளின் கஞ்சிக்குப் போகின்றன, வைத்தியர்களுக்கு அல்ல, ஆட்சேபமில்லை. அங்கீகாரம் நிலைத்தது.

மனிதர் மனம் மாறுவதை நான் எளிதில் நம்புவதில்லை. வயிறு லேசானதால் மனிதர் இளகினார், அவ்வளவுதான் என்றேன்.

"வயிறு ஏன் லேசாச்சு? பழம் குடுத்துல்லா குடிச்சாரு."

"பழத்த வைக்க முன்னாலயே ஏப்பம் அடங்கியாச்சு. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

"வைக்கப்போறாருன்னு மருந்துக்குத் தெரியும்டி" என்று ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்கு நீட்டினாய். ஆஸ்பத்திரிக்கு வந்த பொருளில் நீயும் நானும் தின்றது அது ஒன்றுதான். நல்ல புளிப்பு.

போன வருஷம் நீ படுத்தபோது ஊசியை நான்தான் போட்டேன். ஒவ்வொரு முறையும் தலையணைக்கு அடியில் துழாவி எதையாவது என் கையில் வைப்பாய். ஒரு கிராம்பு, ஒரு பொத்தான், ஒருநாள் உன் கண்ணாடிக் கூடு. "எனக்கு எதுக்குட்டி?" என்றால், "உனக்கு ஆரு தந்தா? டாக்டருக்காக்கும்" என்பாய். வாங்கி மறுபடி உன் அலமாரியில் வைத்துவிடுவேன். கடைசி முறை தலையணைக்கு அடியில் ஒன்றும் இல்லை. இடுப்பில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்து என் கையில் வைத்து விரல்களை மூடினாய். விரலைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே கைப்பையின் உள்ளறையில் போட்டேன். நீ எதையும் சும்மா வாங்கவில்லை. ஆனாலும் மருந்து ஏற்கவில்லை. அதைப் பற்றி உன்னோடு வாதம் செய்ய முடியாமல் போனதுதான் எனக்குக் குறை.

இன்று மத்தியானம் செல்லம்மை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏழாம் மாதம். நடந்தே வந்திருந்தாள். ஒரு பலாச்சக்கைச் சுளைப் பொதியை உன் மேசைமேல் வைத்தாள், என் மேசைமேல் அல்ல. "அவ்வோ மேசைல வச்சாதான் ஏக்கும்" என்றாள். நான் மறுக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உள்ளதைச் சொல்லும் வாயை அடைக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு கைப்பையின் உள்ளறையைத் திறந்தேன். விஷமருந்து அலமாரிச் சாவி, உன்னுடையது.

பூட்டில் போட்டுப் பார்த்தேன், திறந்தது. இருப்பு சரியாக இருக்கிறது. பலகை மாட்டவில்லை. மதராசுக்காரரின் வயிறு எப்படி என்று தெரியாது. சோடா வேண்டிய அளவு இருக்கிறது. சாவியை அவர் பார்த்து முடித்ததும் மறுபடி கைப்பையில் போட்டுக்கொள்வேன். அது நான் வாங்கிக்கொண்டது.