இன்றைக்கு அடுப்பு உங்களுடையது

என்னங்க,

எழுந்ததும் என்னைத் தேட வேண்டாம். ஊர் சுற்றிப் பார்க்க வந்த நான்கு நாளில் இந்த வாடகை வீட்டின் அடுப்பைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. "ஹோட்டல் எதுக்கு, சமையலறையோட வீடு எடுத்தா சுதந்திரமா இருக்கலாம்" என்றது நீங்கள். அந்தச் சுதந்திரத்தை இன்று உங்களுக்கே விட்டுவிட்டேன்.

பக்கத்து வாசலில் இருக்கும் வீட்டுக்கார அம்மா பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருகிறார். நம் வீட்டில் சமையல் நீங்கள்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "கொடுத்து வெச்சவம்மா நீ" என்று கண் கலங்கிவிட்டார். இனி மாற்றிச் சொன்னால் நன்றாக இருக்காது.

அரிசி ஊறுகிறது. உருளைக்கிழங்கு கூடையில். இடதுபக்க அடுப்பு லேசில் பற்றாது. நேற்று "இதுல என்ன பெரிய வேலை" என்று கேட்டீர்களே, அதே அடுப்புதான்.

சாவி என்னிடம். வீட்டைத் திறந்து போட்டுவிட்டுக் கடையில் சாப்பாடு வாங்கி வருகிற ஆள் நீங்கள் இல்லை.

பி.கு.: எதிர்த்த காபிக் கடையில்தான் இருப்பேன். கையைச் சுட்டுக்கொண்டால் சமையலறை ஜன்னலில் துண்டை ஆட்டுங்கள், ஓடி வருகிறேன்.

இன்னொன்று. அந்த ஜன்னல் தெருவுக்கே தெரிகிறது. சட்டை போட்டுக்கொண்டு சமையுங்கள்.