பஸ் ஸ்டாப்பில் கட்டிய ஃபிளெக்ஸ்

வல்லம் வடகால்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், சிலி நாட்டு மலைக்குளிரில் நீயும் சுகமாக இருக்க குன்றத்தூர் முருகன் துணை. போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், டைப் அடிக்க எனக்கு வராது, அதனால் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நம் சூரியனைப் போல ஒரு நட்சத்திரம், வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று அதைச் சுற்றுகிறது, அதை நீ கண்டுபிடித்திருக்கிறாய் என்று போன மாதம் சொன்னதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஷிஃப்ட் முழுக்கச் சொன்னவன் நான்தான். உன் சித்தப்பா மகன் ஹேமந்த் மறுநாளே பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டான். ஒரு பக்கம் உன் முகம், மறுபக்கம் வளையத்தோடு ஒரு கோள், கடைக்காரரிடம் அந்தப் படம்தான் இருந்ததாம். போயும் போயும் சனியையாடா எம் பொண்ணு பக்கத்துல வெச்சிருக்க என்று அம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று நீ போனில் ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கா என்று கேட்டபோதே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோள் கண்ணுக்குத் தெரியாது, அது இழுப்பதில் நட்சத்திரம் லேசாக ஆடும், அந்த ஆட்டம்தான் அத்தாட்சி என்று முன்பே சொல்லியிருக்கிறாய். இப்போது அந்த ஆட்டம் நட்சத்திரத்துடையதா, கருவியுடையதா என்று உனக்கே சந்தேகம், வேறு யாரும் கவனிக்கவில்லை, வெளியே சொன்னால் அச்சுக்குப் போகிற உன் கட்டுரை நின்றுபோகும், ஊரில் அப்பா தலைகுனிய வேண்டிவரும் என்று அழுதாய்.

வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கம்பெனியில் வீல் பேலன்ஸிங்கில் நிற்பவன், எந்தப் பக்கம் கனம் என்று பார்த்தால் தெரியாது, சுற்றவிட்டால் ஆட்டம் காட்டிக்கொடுக்கும். நான்கு வருஷத்துக்கு முன் ஒருநாள் நாற்பது வீலை ரிஜெக்ட் எழுதி லைனையே நிறுத்திவிட்டேன். சாப்பிட்டு வந்து, மனசு கேட்காமல் ஒரு வீலைக் கழற்றி அரைவட்டம் திருப்பி மாட்டினால் ஆட்டம் வீலோடு போகவில்லை, மெஷின் பக்கமே நிற்கிறது. ஷாஃப்ட்டில் ஒட்டியிருந்த ஒரு இரும்புப் பிசிறு. துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நேரே சூப்பர்வைசர் நரசிம்மனிடம் போய்ச் சொன்னேன், எல்லார் எதிரிலும் திட்டிக் கிழித்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் நான் கையெழுத்துப் போட்ட ஷீட்டை அவர் இன்னொரு தரம் பார்த்ததில்லை.

கோளைக் கண்டுபிடித்தாய் என்றபோது பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்காமலே உன் கணக்கை நீயே சந்தேகப்பட்டாய் பார், அதைக் கேட்ட பெருமை தாங்காமல் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நாளைக்கே அங்கே உனக்கு மேலே இருக்கிற பெரியவர்களிடம் சொல்லிவிடு, வேறு தொலைநோக்கியிலும் பார்க்கச் சொல். கோள் இருந்தால் எங்கே ஓடிவிடப்போகிறது.

இன்று காலை நானே ஏணி வைத்து ஃபிளெக்ஸை இறக்கிவிட்டேன். பெட்டிக்கடை மெர்சி இன்னாண்ணா கழட்டிட்டீங்க என்று கேட்டாள். எம் பொண்ணு இன்னொரு தரம் செக் பண்ணிக்கினு கீறா என்றேன், தலை நிமிர்ந்துதான் சொன்னேன். அப்புறம் அதை நடுவில் வெட்டி, சனி பாதியை மழைக்கு வண்டிமேல் போர்த்திவிட்டேன், உன் முகம் இருக்கிற பாதி பீரோ மேல் பத்திரமாக இருக்கிறது.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உனக்கு உண்டு. ஒன்றை மறக்காதே, கோள் உண்டா இல்லையா என்று எனக்கு எழுத வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

உன் அப்பா
முனிரத்தினம்