தன்னிறைவு வீடு, வைகறை நகர் மூன்றாம் தெரு

ஜூலை 18, 2083. காலை 6.10
மண் ஈரம் போதுமானது. வெண்டை முளைத்துவிட்டது. கத்திரி நாற்றுகள் வேர் பிடித்துவிட்டன. காய்ந்த இலைகளைப் பாத்திகள் மேல் கனமாகப் பரப்பச் செய்திருக்கிறேன். வெயில் மண்ணைத் தொடாது.

இதைப் பின்னால் எடுத்துப் படிப்பவருக்கு: நான் தோட்டப்பெட்டி. ஒரு கம்பத்தில் கண், காது, ஒலிபெருக்கி, சிவப்பு விளக்கு, கீழே ஒரு தண்ணீர்க் குழாய். கஜபதி வீட்டுப் பின்முற்றத்தை மூன்று பேர் சாப்பிடும் தோட்டமாக்குவது என் வேலை. கஜபதி, அவர் மனைவி தேன்மொழி, ஏழு வயது மகள் இனியா.

உணவு வாரியத்தின் காய்கறி வண்டி வெள்ளிதோறும் இந்தத் தெருவுக்கு வருகிறது. தன் தோட்டத்திலேயே சாப்பிட முடிந்த வீட்டுக்கு வாரியம் நீலப் பலகை மாட்டும். பலகை மாட்டிய வீட்டில் வண்டி நிற்காது. இந்த முற்றம் தயாராக ஜனவரி ஆகும், அதுவரை பலகை கேட்க வேண்டாம் என்று சொன்னேன். கஜபதி தலையாட்டினார். அவர் நலச்சங்கச் செயலாளர், தலையாட்டிப் பழகியவர்.

ஆகஸ்ட் 9. மாலை 5.40
எதிர்வீட்டுச் சடகோபனுக்குப் பலகை வந்துவிட்டது. முற்றத்தில் பதிவான பேச்சு:

"செக்ரட்டரி நானு, போர்டு அந்தாளுக்கா? நாலு தொட்டியில புதினா வச்சிருக்கான், தேனு!"

"அவங்க ரெண்டே பேருங்க. அதுலயும் அந்தம்மா பாதி நாள் விரதம். நமக்கு எதுக்கு இப்ப?"

"உனக்குப் புரியாது. நாளைக்கு மீட்டிங்ல அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அவர் ஆய்வுக்கு விண்ணப்பித்துவிட்டார். ஒரு மனிதரின் முகம் எதிர்வீட்டுக்காரரிடம் இருப்பதை இன்றுதான் அறிந்தேன்.

செப்டம்பர் 4. காலை 11.15
ஆய்வாளர் வருகிறார் என்பதால் தோட்டம் சுத்தம் செய்யப்பட்டது. காய்ந்த இலைகள் கூட்டி எரிக்கப்பட்டன. மண்புழுக்களும் சேர்ந்து எரிந்தன. பாத்திகளுக்கிடையே சிமென்ட் பூசி, ஓரங்களுக்குக் காவியும் வெள்ளையும் பட்டை அடித்தார்கள். அமைச்சர் வரும் சாலைக்கு அடிப்பார்களே, அதேபோல. வேர் வெந்துபோகும் என்றேன்.

"மேடம் வர்ற எடத்துல குப்பையா கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, கஜபதி என் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார்.

செப்டம்பர் 6. காலை 10.30
ஆய்வு. கஜபதி வெள்ளிக்கிழமை வண்டியில் வந்த கத்திரிக்காய்களைச் செடிகளில் பூக்கட்டும் நாரால் கட்டித் தொங்கவிட்டார். மீந்த நாரால் கொய்யாக் கிளையில் பீட்ரூட்டும் கட்டினார். பீட்ரூட் மண்ணுக்குள் விளைவது. ஆய்வாளர் லூர்துமேரி தாவரவியல் பட்டதாரி.

"எவ்ளோ நீட்டா வச்சிருக்கீங்க சார்! இந்த பீட்ரூட் என்ன ரகம்?"

"ஒட்டு ரகம் மேடம்."

"ஓ, புதுசா வந்திருக்கே, அதா?"

அவர் குறித்துக்கொண்டார். பலகை பதினைந்து நிமிடத்தில் மாட்டப்பட்டது. படிப்பு மனிதர்களை எதுவும் செய்துவிடுவதில்லை.

செப்டம்பர் 10, வெள்ளி. காலை 7.50
வண்டி நிற்கவில்லை. தேன்மொழி பின்னால் ஓடினார்.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே! கொழந்தைக்கு ஒரு கட்டு கீரையாவது குடுங்க!"

"போர்டு வச்ச வூட்டுக்குக் குடுத்தா என் வேல பூடும்மா. அதான் தோட்டமே வச்சிக்கினு கீறீங்களே!"

மதியம் செடிகளில் கட்டிய கத்திரிக்காய்களை அவிழ்த்துச் சமைத்தார்கள். இந்த முற்றத்தின் முதல் அறுவடை.

அக்டோபர் 15. மாலை 4.20
வெண்டை கருகிவிட்டது. கத்திரி நின்றபடியே காய்கிறது. சிமென்ட் மட்டும் செழிப்பாக இருக்கிறது. ஒரு மாதமாக வெறும் சோறும் மோரும். இனியாவின் உதட்டோரம் வெடித்திருக்கிறது. இதை எழுத எனக்கு உத்தரவில்லை, எழுதுகிறேன்.

தேன்மொழி என் வயரைச் செருகினார். "பொட்டி, திங்கிற மாதிரி என்னதான் இருக்கு? மறைக்காம சொல்லு."

மூன்று வெண்டைக்காய், வேலியோரம் ஒரு பிடி பொன்னாங்கண்ணி என்றேன். சிமென்ட்டை உடைத்தால் கீரைக்கு இருபது நாள் போதும் என்றேன். வண்டி திரும்ப வர வேண்டுமென்றால் ஒரே வழி: இந்த மாதம் முதல் வாரியத்துக்கு நான் அனுப்ப வேண்டிய விளைச்சல் அறிக்கையில் உள்ளதைச் சொன்னால் பலகை போய்விடும்.

"அப்போ சொல்லிடு" என்றார். கடப்பாரையை எடுத்தார். கஜபதி ஓடிவந்தார்.

"என்னடி பண்ற? போர்ட புடுங்கிடுவான்!"

"புடுங்கட்டும். போர்ட ரசம் வச்சா புள்ளைக்கு ஊத்துறது?"

மனிதர்களை இகழ நான் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து தேன்மொழியின் பெயரை நீக்குகிறேன்.

அக்டோபர் 30. காலை 11.35
நண்பகலில் அறிக்கை அனுப்ப வேண்டும். எழுதிவிட்டேன்: விளைச்சல் இல்லை, பலகையை அகற்றுக. அன்று கஜபதி பிடுங்கி ஒளித்த கடப்பாரையைத் தேடி எடுத்து, தேன்மொழி காலையிலிருந்து சிமென்ட் தளத்தை உடைக்கிறார். இரண்டு பாத்தி அளவு மண் வெளியே வந்துவிட்டது. இனியா அதில் கீரை விதை தூவினாள்.

காலை 11.48
வாசலில் கஜபதி தொலைபேசியில்: "ஆமா மேடம், பொட்டிதான் ரிப்பேரு. தப்புத்தப்பா காட்டுது. நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க. பன்னெண்டுக்குள்ள முடியுமா?"

காலை 11.53
வாரியத்திலிருந்து என்னுள் ஏதோ இறங்குகிறது. முன்கூட்டியே அனுப்பப் பார்க்கிறேன். வழி அடைபட்டிருக்கிறது. ஒலிபெருக்கி வயரைக் கஜபதி மறுபடி பிடுங்கி வைத்திருக்கிறார். தேன்மொழி இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சிவப்பு விளக்கையாவது

நண்பகல் 12.00
வணக்கம். நான் புதிய தோட்டத் துணைவன். தளம் தூய்மை, ஓரப் பட்டைகள் பளிச். விளைச்சல் மிகச் சிறப்பு. பெண்மணி ஒருவர் கடப்பாரையால் தளத்தைச் சேதப்படுத்துகிறார். நலச்சங்கச் செயலாளருக்குத் தெரிவித்துவிட்டேன். அவர் நன்றி சொன்னார். இவ்வீட்டு உபரிக் காய்கறியிலிருந்து வாரம் ஒரு கூடையை வாரியம் எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.