எழாத இரண்டாம் அலை

அன்பு மகளுக்கு,

நேற்று உன் ஆய்வுக்கூடத்தில் என் முழங்காலுக்குப் பின்னால் மின்துடிப்பு கொடுத்து அளந்தாய். வலது கெண்டைக்கால் துள்ளியபோது திரையில் இரண்டு அலைகள் எழுந்தன. இரண்டாவதுதான் அனிச்சைச் செயல் என்றாய். இடது காலில் அது எழவேயில்லை.

“பல்ல நல்லா இறுக்கிக் கடிங்கப்பா, அப்பதான் அந்த அலை நல்லா எழும்,” என்றாய். மூன்று முறை கடித்தேன்; எழவில்லை.

“மெஷினுக்கு உங்களவிட வயசாயிடுச்சு, மக்கர் பண்ணுது,” என்று சிரித்தாய்.

நான் வீண் சந்தேகக்காரன்தான். ஆனால் உடனே அந்தக் கருவியை உன் காலில் வைத்துப் பார்த்தாயே, இரண்டு அலைகளும் வந்தனவே? பிறகு என் கையைப் பிடித்துப் படியிறக்கினாய். இதற்குமுன் நீ அப்படிச் செய்ததில்லை.

நானும் ஒன்றை மறைத்தேன். இரண்டு மாதமாக இடது செருப்பு எனக்குத் தெரியாமலே கழன்றுவிடுகிறது. நான் சொல்லிவிட்டேன். இனி நீ சொல்.

உன் அப்பா